ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்கள் எப்படிப் பிரிகின்றன? திருகோணமலைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

நான் திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். ஒரு கலம் தன்னைப்போலவே இரண்டாகும் இழையுருப்பிரிவு நன்றாக விளங்கிய பிள்ளைகள்கூட, முட்டையும் விந்தும் உருவாகும் ஒடுக்கற்பிரிவுக்கு வந்ததும் தடுமாறுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். படத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள். "இந்த இடத்தில் ஏன் இப்படிப் பிரிந்தது?" என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், வாசலில் நின்று அம்மாமார் கேட்ட ஒன்றிரண்டையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் புத்தகத்தில் ஒரு பெயர், இந்தியக் காணொளியில் வேறு பெயர். இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். நாங்கள் ஒடுக்கற்பிரிவு என்பதைத் தமிழ்நாட்டில் குன்றல் பகுப்பு அல்லது மியாசிஸ் என்பார்கள். நிறமூர்த்தம் அங்கே குரோமோசோம், கலம் அங்கே செல், அரைநிறவுரு அங்கே குரோமாடிட், மையப்பாத்து அங்கே சென்ட்ரோமியர். ஒரு பிரிவின் அடுத்தடுத்த கட்டங்களான எங்கள் முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை நான்கும் அங்கே புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ். பரீட்சைக்கு எங்கள் சொற்களை எழுதுங்கள். விளங்கிக்கொள்வதற்கு எந்தச் சொல்லில் கேட்டாலும் பரவாயில்லை.

ஒடுக்கற்பிரிவு எதற்காக நடக்கிறது?

மனிதக் கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. 23 அம்மாவிடமிருந்து, 23 அப்பாவிடமிருந்து. முட்டையும் விந்தும் 46 வீதம் கொண்டுவந்தால் பிள்ளைக்கு 92 ஆகிவிடும், பேரப்பிள்ளைக்கு 184. அப்படி ஆகாமல் இருக்க, முட்டை, விந்து என்ற புணரிகள் உருவாகும்போது எண்ணிக்கை பாதியாக வேண்டும். அதுவும் எந்த 23 என்றாலும் சரி என்று எடுக்க முடியாது. ஒவ்வொரு சோடியிலிருந்தும் சரியாக ஒன்று வேண்டும். கலத்துக்குள் கண்ணும் இல்லை, எண்ணிப் பார்க்க ஆளும் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் பிழையில்லாமல் நடந்துவிடுகிறது. இந்தப் பாடத்தில் விளங்கிக்கொள்ள வேண்டியது அந்த வழியைத்தான்.

எக்ஸ் வடிவத்தில் இருப்பது ஒரு நிறமூர்த்தமா, இரண்டா?

ஒன்று. பிள்ளைகள் புள்ளி இழக்கும் முதல் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கலம் பிரிவதற்கு முன், இடையவத்தையில், ஒவ்வொரு நிறமூர்த்தத்தின் டிஎன்ஏயும் ஒருமுறை நகலெடுக்கப்படுகிறது. மூலமும் நகலும் தனித்தனியே போய்விடுவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கின்றன. ஒட்டியிருக்கும் அந்த இரண்டு இழைகளும்தான் சகோதர அரைநிறவுருக்கள். இரண்டும் இறுகச் சேரும் மையப்பாத்துப் பகுதி ஒன்றே என்பதால் அது ஒரு நிறமூர்த்தமாகவே எண்ணப்படும். மையப்பாத்தை எண்ணுங்கள், நிறமூர்த்த எண்ணிக்கை வந்துவிடும். இழையை எண்ணினால் டிஎன்ஏ மூலக்கூறுகளின் எண்ணிக்கை வரும்.

மனிதக் கலத்தில் வைத்துப் பார்த்தால், நகலெடுக்கும் முன் நிறமூர்த்தம் 46, டிஎன்ஏ மூலக்கூறு 46. நகலெடுத்த பின் நிறமூர்த்தம் அதே 46, மூலக்கூறு 92. ஒடுக்கற்பிரிவில் கலம் அடுத்தடுத்து இரண்டு தடவை பிரியும். முதலாம் பிரிவு முடிந்ததும் ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தம் 23, மூலக்கூறு 46. இரண்டாம் பிரிவும் முடிந்தால் நிறமூர்த்தம் 23, மூலக்கூறு 23. நிறமூர்த்த எண்ணிக்கை பாதியாவது முதலாம் பிரிவில் மட்டும்தான். இரண்டாம் பிரிவில் 23 என்பது 23 ஆகவே இருக்கிறது. இந்தக் கணக்கைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பெரிய உயிரினத்துக்கு நிறமூர்த்தம் கூடவா?

இல்லை. திருகோணமலைக் கடலுக்கு வரும் நீலத் திமிங்கிலத்துக்கு 44, மனிதனைவிட இரண்டு குறைவு. அதே கடலில் மூழ்கியெழும் எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு 42. தம்பலகாமத்து வயலில் நிற்கும் நெல்லுக்கு 24, தென்னைக்கு 32, வெங்காயத்துக்கு 16, கோழிக்கு 78. உருவத்துக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே கிடையாது.

முதலாம் முன்னவத்தை ஏன் இவ்வளவு நீளம்? அதற்குள் என்ன நடக்கிறது?

பிரிவதற்கு முன் சேர வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு நீளம். இழையுருப்பிரிவில் அம்மாவின் 5ஆம் நிறமூர்த்தத்துக்கும் அப்பாவின் 5ஆம் நிறமூர்த்தத்துக்கும் ஒன்றோடொன்று வேலையே இல்லை. ஒடுக்கற்பிரிவில் அவை இரண்டும் ஒன்றையொன்று தேடிப்பிடித்து நீளத்துக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டும். இவற்றைத்தான் அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் என்கிறோம்.

எப்படித் தேடுகின்றன என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. நிறமூர்த்தங்களின் நுனிகள் கலத்துக் கருவின் (நியூக்கிளியசின்) மென்சவ்வில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பல உயிரினங்களில் அந்த நுனிகள் ஒரு பக்கமாகக் கூடி, பூச்செண்டைக் காம்பில் பிடித்ததுபோல் நிற்கும். வெளியே கலவுருவில் இருக்கும் இயக்கப் புரதங்கள் அந்த நுனிகளை இழுத்து அசைக்கின்றன. அசைய அசைய நிறமூர்த்தங்கள் ஒன்றையொன்று உரசிப் போகும், பொருந்தாதவை விலகும், பொருந்துபவை நிற்கும்.

அப்புறம் நடப்பதுதான் முதன்முதலில் வாசித்தபோது என்னைத் திகைக்க வைத்தது. கலம் தன் டிஎன்ஏயைத் தானே வெட்டுகிறது. மனிதக் கலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இரண்டு இழையும் அறுபடும். அறுந்த நுனி தன்னைச் சரிசெய்துகொள்ள, தன்னைப்போன்ற வரிசையை அமைப்பொத்த நிறமூர்த்தத்தில் தேடுகிறது. சரியான துணையை உறுதிப்படுத்துவதில் இந்தத் தேடலுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலான வெட்டுகள் பரிமாற்றம் இல்லாமலே ஆறிவிடும். சில இடங்களில் மட்டும் அம்மாவின் துண்டு அப்பாவின் நிறமூர்த்தத்திலும் அப்பாவின் துண்டு அம்மாவின் நிறமூர்த்தத்திலும் பொருத்தப்படும். இதுதான் குறுக்குப்பரிமாற்றம். விந்தாகும் ஒரு கலத்தின் பிரிவில் இப்படிச் சுமார் 50, முட்டையாகும் கலத்தில் சுமார் 70 நடக்கின்றன. அந்த இடங்கள் பிறகு நுணுக்குக்காட்டியில் குறுக்கே மாட்டிக்கொண்டவை போலத் தெரியும். அவற்றைக் கயாஸ்மா என்பார்கள்.

லெப்டோட்டீன், சைகோட்டீன், பக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகினேசிஸ் என்ற ஐந்து உபநிலைகளும் இந்தக் கதையின் ஐந்து காட்சிகள்தான். இழைகள் மெல்லியனவாகத் தெரியத் தொடங்குவது முதலாவது, சோடி சேர்வது இரண்டாவது, சேர்ந்து தடித்துக் குறுக்குப்பரிமாற்றம் முடிவது மூன்றாவது, விலகத் தொடங்கிக் கயாஸ்மாவில் மட்டும் மாட்டி நிற்பது நான்காவது, நன்றாகச் சுருங்கிப் புறப்படத் தயாராவது ஐந்தாவது.

குறுக்குப்பரிமாற்றம் பரம்பரை வேறுபாட்டுக்காகத்தானே? பிரிவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

வேறுபாடு வருவது உண்மை. ஆனால் அதை மட்டும் எழுதினால் பாதி விடைதான். அந்தக் கயாஸ்மா முடிச்சு இல்லாவிட்டால் சோடி ஒழுங்காகப் பிரியவே பிரியாது. வகுப்பில் இதைக் கம்பளி நூலால் செய்து காட்டுவேன். நீங்களும் வீட்டில் செய்யலாம், அரை மணி நேரம் போதும்.

சிவப்பு நூல் இரண்டு, நீல நூல் இரண்டு, எல்லாம் ஒரு முழ நீளம். இரண்டு சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு சட்டைப் பொத்தானில் இறுக்கிக் கட்டுங்கள். அதுதான் மையப்பாத்து. பிறகு வெள்ளைத் தையல் நூலால் அந்த இரண்டு சிவப்பையும் நீளத்துக்கும் ஆங்காங்கே சேர்த்துத் தையல் போடுங்கள். நீலத்துக்கும் அப்படியே. இப்போது உங்களிடம் இரண்டு நிறமூர்த்தங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு அரைநிறவுருக்கள். இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு சிவப்பு இழையையும் ஒரு நீல இழையையும் ஒரே உயரத்தில் வெட்டி, சிவப்பின் வாலை நீலத்திலும் நீலத்தின் வாலைச் சிவப்பிலும் முடிச்சுப் போடுங்கள். வெள்ளைத் தையலைத் தொடக்கூடாது.

சரி, இப்போது இரண்டு பொத்தான்களையும் பிடித்து எதிரெதிரே இழுங்கள். வராது. எது பிடித்து வைத்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். முடிச்சு மட்டும் அல்ல, முடிச்சுக்கு அப்பால் இருக்கும் வெள்ளைத் தையலும்தான். நீல இழையில் தொங்கும் சிவப்பு வால், தன் பழைய சகோதரியோடு இன்னும் தைக்கப்பட்டிருக்கிறது. அதனால் இரண்டு நிறமூர்த்தங்களும் ஒரே சோடியாகப் பிணைந்து நிற்கின்றன.

இனிக் கத்தரிக்கோலை எடுத்துப் புயங்களில், அதாவது பொத்தானுக்கு வெளியே நீளும் இழைகளில், இருக்கும் வெள்ளைத் தையலை மட்டும் வெட்டுங்கள், பொத்தானை விட்டுவிடுங்கள். இழுத்தால் சிவப்புப் பொத்தான் ஒரு பக்கம், நீலப் பொத்தான் ஒரு பக்கம் என்று வழுக்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு பொத்தானிலும் இரண்டு இழைகள் இன்னும் சேர்ந்தே இருக்கும், அவற்றில் ஒன்றின் வால் மட்டும் நிறம் மாறியிருக்கும். முதலாம் மேன்முகவவத்தை என்பது இதுதான். பொத்தானை அவிழ்த்தால் இரண்டாம் மேன்முகவவத்தை.

போன வருடம் ஒரு பிள்ளை தையலை வெட்டி இழுத்துவிட்டு, கையில் இருந்த சிவப்பு நூலின் நீல வாலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரீச்சர், அப்ப இது இனி முழுசா அம்மாவினதும் இல்லை, அப்பாவினதும் இல்லை" என்றாள். பாடத்தை நான் எவ்வளவு நேரம் விளக்கியிருந்தாலும் அதைவிடத் தெளிவாக அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

கலத்துக்குள் அந்த வெள்ளைத் தையல் எது? கத்தரிக்கோல் எது?

தையல், கொகெசின் என்ற வளையம் போன்ற புரதக் கூட்டு. டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போதே இது சகோதர இழைகளைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. கத்தரிக்கோல், செப்பரேஸ் என்ற நொதியம். வழக்கமாக அதை செக்கியூரின் என்ற இன்னொரு புரதம் அடக்கி வைத்திருக்கும். நேரம் வந்ததும் கலம் செக்கியூரினை அழித்துவிட, செப்பரேஸ் விடுபட்டுக் கொகெசினை வெட்டுகிறது.

அப்படியென்றால் முதலாம் பிரிவிலேயே எல்லாக் கொகெசினும் வெட்டுப்பட்டுப் போகவேண்டுமே, மையப்பாத்தில் இருப்பது மட்டும் எப்படித் தப்பியது? இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மையப்பாத்தில் ஒரு காவல் புரதம் நிற்கிறது. 2004இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்து ஷுகோஷின் என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள். எங்கள் ஊர் ஒழுங்கைகளில் சூலம் நட்டு வைத்திருக்கும் வைரவரை நினைத்துக்கொண்டால் அந்தப் பெயர் மறக்காது. செப்பரேஸ் வெட்ட வேண்டுமென்றால் கொகெசினில் முதலில் பொசுபேற்று அடையாளம் ஒட்டப்பட வேண்டும். ஷுகோஷின் அந்த அடையாளத்தைத் துடைத்துவிடும் நொதியத்தைக் கூடவே வைத்திருக்கிறது. ஆகவே புயங்களில் வெட்டு விழுகிறது, மையப்பாத்தில் விழுவதில்லை. இரண்டாம் பிரிவு வரும்போது அந்தக் காவல் நீங்கிவிடும். அப்போது எஞ்சிய ஒட்டும் வெட்டுப்பட, சகோதர இழைகள் பிரிகின்றன.

ஒரே ஒட்டை இரண்டு தவணையில் வெட்டுவதால்தான் ஒருமுறை நகலெடுத்துவிட்டு இரண்டுமுறை பிரிய முடிகிறது. இது பிடிபட்டால் படங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலாம் பிரிவில் சகோதர இழைகள் இரண்டும் ஒரே பக்கம் இழுபடுவது எப்படி?

ஒவ்வொரு மையப்பாத்திலும், நிறமூர்த்தத்தை இழுக்கும் கதிர்நார் வந்து பிடிக்கும் ஒரு பிடி உண்டு, அதற்குக் கைனெற்றோகோர் என்று பெயர். இழையுருப்பிரிவில் சகோதரிகளின் பிடிகள் இரண்டும் முதுகோடு முதுகு திரும்பி எதிர்த்திசை பார்க்கும். முதலாம் ஒடுக்கற்பிரிவில் அவை தோளோடு தோள் சேர்ந்து ஒரே திசை பார்க்கும், ஒரே பிடி போலவே நடந்துகொள்ளும். இரண்டாம் பிரிவில் மறுபடி முதுகோடு முதுகு.

எல்லாச் சோடியும் தயார் என்று கலத்துக்கு எப்படித் தெரியும்?

இழுவையால் தெரியும். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் கயிறிழுத்தல் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் இழுக்கும்போதுதான் கயிறு விறைத்து நிற்கும். ஒரு பக்கம் ஆள் இல்லையென்றால், அல்லது இரண்டு குழுவும் ஒரே பக்கம் போய் நின்றால், கயிறு தொய்யும். நடுவர் விசில் ஊதமாட்டார். கலமும் இப்படித்தான். ஒரு சோடியின் இரண்டு மையப்பாத்துகளும் கலத்தின் எதிரெதிர் முனைவுகளிலிருந்து இழுபட்டு, நடுவில் கயாஸ்மா பிடித்துக்கொண்டிருந்தால், கயிறு விறைத்திருக்கிறது. விறைத்த பிணைப்பு நிலைக்கும், தொய்ந்த பிணைப்பு கழன்று மீண்டும் பிடிக்கும். எல்லாம் சரியாகப் பிடிபடும்வரை செப்பரேஸ் அடைபட்டே இருக்கும்.

இது வெறும் உவமை இல்லை, செய்து பார்த்த விடயம். அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் நிக்லஸ் 1969இல் வெளியிட்ட ஆய்வில், வெட்டுக்கிளியின் விந்தாகும் கலத்துக்குள் மிக நுண்ணிய ஊசியால் நிறமூர்த்தத்தை இழுத்துப் பார்த்தார். தவறாக ஒரே முனைவோடு பிணைந்திருந்த சோடிகள் சாதாரணமாகக் கழன்றுவிடும். ஊசியால் விறைப்பாகப் பிடித்து வைத்தபோது அந்தத் தவறான பிணைப்பும் கழலாமல் நின்றது. பிறகு 1995இல் கும்பிடுபூச்சியின் கலத்தில், துணை சேராத ஒரு நிறமூர்த்தத்தால் பிரிவு தடைபட்டு நின்றபோது, அதை ஊசியால் இழுத்ததும் கலம் பிரிவைத் தொடங்கியது. சரியான விறைப்பு வந்துவிட்டது என்று கலம் நம்பிவிட்டது.

இப்போது முடிச்சு ஏன் வேண்டும் என்பது விளங்கியிருக்கும். கயாஸ்மா இல்லாத சோடியில் இழுத்தாலும் விறைப்பு வராது. இரண்டும் தன்பாட்டில் ஏதோ ஒரு பக்கம் போய்விடக்கூடும்.

ஆண்களில் இருக்கும் எக்ஸ், வை என்ற பால் நிறமூர்த்தங்கள் இரண்டும் ஒன்றுபோல இல்லையே, அவை எப்படிச் சோடி சேரும்?

நுனியில் மட்டும் சேரும். இரண்டின் நுனிகளிலும் ஒத்த சிறு பகுதிகள் இருக்கின்றன. அங்கே ஒரு குறுக்குப்பரிமாற்றம் நடந்தால் போதும், சோடி பிடித்துக்கொள்ளும்.

இரண்டு பிரிவுக்கும் நடுவில் டிஎன்ஏ மறுபடி நகலெடுக்கப்படுமா?

இல்லை. நகலெடுத்தால் பாதியாக்கிய வேலையே வீண்.

இரண்டாம் பிரிவு இழையுருப்பிரிவேதானா?

பிரிகிற விதம் அதேதான். நிறமூர்த்தங்கள் தனித்தனியே நடுவரையில் அணிவகுக்கும், மையப்பாத்து விடும், சகோதர இழைகள் எதிர் முனைவுகளுக்குப் போகும். வேறுபாடு இரண்டு. தொடங்கும்போதே கலம் ஒருமடியமாக, அதாவது சோடிக்கு ஒரு நிறமூர்த்தம் வீதம், இருக்கிறது. பிரியும் சகோதரிகள் இப்போது ஒரே அச்சாக இல்லை, குறுக்குப்பரிமாற்றத்தில் ஒன்றின் வால் மாறிவிட்டது. பரீட்சையில் "ஒத்த" என்ற சொல்லை இங்கே யோசித்துப் பயன்படுத்துங்கள்.

ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தும் நானும் தம்பியும் ஏன் இவ்வளவு வேறு?

முதலாம் அனுவவத்தையில் ஒவ்வொரு சோடியும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது மற்றச் சோடிகளைப் பொறுத்ததல்ல. 23 சோடிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி. இரண்டை இரண்டால் 23 தடவை பெருக்கினால் 83,88,608 வகைப் புணரிகள். இது ஒரு பெற்றோருக்கு மட்டும். இரண்டு பேரையும் சேர்த்தால் எழுபது இலட்சம் கோடிக்கு மேல். குறுக்குப்பரிமாற்றத்தை இன்னும் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஆணிலும் பெண்ணிலும் ஒரே மாதிரியா நடக்கிறது?

நிறமூர்த்தங்களின் நடனம் ஒன்றுதான், காலம்தான் வேறு. ஆணில் ஒரு கலம் நான்கு விந்துகளாகும். பருவ வயதிலிருந்து இடைவிடாமல் நடக்கும், ஆரம்பம் முதல் விந்து வரை ஏறத்தாழ 64 முதல் 74 நாட்கள். பெண்ணில் ஒரு கலம் ஒரே முட்டையாகும். மற்றப் பங்குகள் முனைவுடல்கள் என்ற சிறு கலங்களாக ஒதுங்கிவிடும். உணவுச் சேமிப்பு முழுவதும் ஒரே முட்டைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகளில் ஒடுக்கற்பிரிவு தொடங்கி, சோடி சேர்ந்து, குறுக்குப்பரிமாற்றமும் முடிந்து, முன்னவத்தையில் அப்படியே நின்றுவிடுகிறது. பருவமடைந்த பிறகு மாதத்துக்குப் பெரும்பாலும் ஒரு முட்டை மட்டும் விழித்து முதலாம் பிரிவை முடிக்கும், இரண்டாம் அனுவவத்தையில் மறுபடி நிற்கும். விந்து உள்ளே நுழைந்தால்தான் மிச்சம் நடக்கும். யோசித்துப் பாருங்கள், உங்களை உருவாக்கிய முட்டை தன் சோடிகளைச் சேர்த்தது உங்கள் அம்மம்மாவின் வயிற்றுக்குள்.

டவுன் நிலைமை உள்ள பிள்ளை பிறப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இதைக் கேட்டவர் ஒரு தாய். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு நின்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதுதான் பெரும்பாலானோரில் இதற்குக் காரணம். பிரான்சில் ஜெரோம் லெஜூனும் உடன் ஆய்வாளர்களும் 1959இல் இதை வெளியிட்டார்கள். ஒடுக்கற்பிரிவில் 21ஆம் சோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டால், அந்தப் புணரியில் இரண்டு இருக்கும். மற்றவரிடமிருந்து ஒன்று வந்து மூன்றாகும். பத்தில் ஒன்பது அளவுக்கு இது முட்டையில், கூடுதலாக முதலாம் பிரிவில் நடக்கிறது. காரணம் மேலே சொன்ன அந்த நீண்ட காத்திருப்பு. நாற்பது வயதில் வெளிவரும் முட்டையின் சோடிகளை, பிறக்கும் முன் போட்ட ஒட்டுத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒட்டு வளர்ந்த பிறகு புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் 35 வயதில் ஏறத்தாழ 350 பிறப்புகளில் ஒன்றாக இருப்பது 40 வயதில் நூற்றில் ஒன்றளவுக்கு வருகிறது. இளம் தாய்மாருக்கும் இப்படிப் பிறப்பதுண்டு.

அம்மா சாப்பிட்டது, பார்த்தது, நடந்தது, கோயிலுக்குப் போகாதது எதுவும் இதற்குக் காரணம் இல்லை. யாருடைய பிழையும் இல்லை. ஊரில் யாராவது வேறு கதை சொன்னால் நீங்கள் அதை நம்பவேண்டாம். பிள்ளைக்கு இதயத்திலும் கேட்டலிலும் குறைகள் இருக்கக்கூடும், அவற்றை நேரத்தோடு வைத்தியரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். மற்றப்படி பிள்ளை பிள்ளைதான்.

வாழைப்பழத்தில் ஏன் விதை இல்லை?

காட்டு வாழைக்கு 22 நிறமூர்த்தங்கள், பழத்துக்குள் கல்லுப்போல விதை. நாங்கள் வளர்க்கும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 33, அதாவது 11 வகையில் மூன்று மூன்று. சோடி சேர வேண்டிய இடத்தில் மூன்று பேர் நின்றால் சமமாகப் பங்கிட முடியாது. ஒழுங்கான புணரி உருவாகாது, விதையும் வராது. அதனால்தான் கன்று பிடுங்கி நடுகிறோம். கோவேறு கழுதைக்குப் பிள்ளை பிறக்காததும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இரண்டுக்கும் பிறந்ததற்கு 63.

இதையெல்லாம் முதலில் யார் கண்டார்கள்?

கடல் முள்ளி தெரியும்தானே, புறாத்தீவுப் பக்கம் நீந்தும்போது காலில் குத்தாமல் பார்த்துக்கொள்ளும் அந்தக் கறுப்பு உருண்டை. மத்தியதரைக் கடலில் வாழும் அதன் உறவுக்கார இனம் ஒன்றின் முட்டை கண்ணாடிபோல் தெளிந்தது. அதை வைத்துத்தான் 1876இல் ஒஸ்கார் ஹேர்ட்விக் விந்தின் கருவும் முட்டையின் கருவும் சேர்வதை விவரித்தார். 1883இல் எடுவார்ட் வான் பெனெடன், குதிரையின் குடலில் வாழும் உருண்டைப்புழுவில், முட்டையும் விந்தும் இரண்டு இரண்டு நிறமூர்த்தங்களைச் சமமாகக் கொண்டுவருவதைக் காட்டினார். அப்படியானால் முன்கூட்டியே எங்கோ பாதியாக வேண்டும் என்று ஓகஸ்ட் வைஸ்மன் நியாயம் வைத்தார். 1902, 1903இல் வால்டர் சட்டன் வெட்டுக்கிளிக் கலங்களில் சோடிகள் பிரிவதைப் பார்த்து, பரம்பரை பற்றி மெண்டல் சொன்ன விதிகள் இந்த நிறமூர்த்தங்களில்தான் இருக்கின்றன என்றார். ஒடுக்கற்பிரிவுக்கு உலகம் வழங்கும் பெயர் 1905இல் வந்தது. குறைதல் என்று பொருள்தரும் கிரேக்கச் சொல் அது. குறுக்குப்பரிமாற்றத்தில் நிறமூர்த்தத் துண்டுகள் உண்மையாகவே இடம் மாறுகின்றன என்பதை 1931இல் ஹரியற் கிரைட்டனும் பார்பரா மக்ளின்ரொக்கும் சோளத்தில் நிரூபித்தார்கள்.

நாங்களே நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் வெங்காய வேர்நுனியில் தேடாதீர்கள். அங்கே நடப்பது இழையுருப்பிரிவு. வெங்காயப் பூமொட்டு வேண்டும். நிலாவெளிப் பக்கத் தோட்டங்களில் சில செடிகள் பூத்தண்டு விடும். தோட்டக்காரருக்கு அது தேவையில்லை, கேட்டால் சந்தோசமாகத் தருவார்கள். பூக்கொத்தின் உறை வெடிப்பதற்கு முன், காலையில் வெட்டுங்கள். மொட்டுகள் நெல்மணியைவிடச் சிறியவையாக இருக்க வேண்டும். மகரந்தக்கூடு மஞ்சளாகிவிட்டால் பிந்திவிட்டது, உள்ளே எல்லாம் மகரந்தமாகியிருக்கும். பச்சையாக, கண்ணாடிபோல் இருந்தால் சரி.

மூன்று பங்கு அற்ககோலும் ஒரு பங்கு அசற்றிக்கமிலமும் கலந்த திரவத்தில் மொட்டுகளை ஒரு நாள் ஊறவிடுங்கள். இதை ஆய்வுகூடத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது செய்யுங்கள். ஒரு மகரந்தக்கூட்டைக் கண்ணாடி வழுக்கியில் வைத்து, ஒரு துளி அசெற்றோகாமைன் சாயம் விட்டு, ஊசியால் நசுக்கித் தோலை அகற்றுங்கள். மெல்லிய கண்ணாடி மூடியை வைத்து, வடிதாளை மேலே போட்டுப் பெருவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் வழுக்கினால் கலங்கள் உருண்டு கெட்டுவிடும். 400 மடங்கில் பாருங்கள்.

முதல் மொட்டில் கிடைக்காது. பெரியது, சிறியது என்று ஐந்தாறு மொட்டு மாற்றிப் பார்க்க வேண்டிவரும். ஒருமுறை நாங்கள் ஒன்பதாவது மொட்டில்தான் கண்டோம். இளஞ்சிவப்புக் கலத்தின் நடுவில் கருஞ்சிவப்பாக எட்டுச் சோடி. சில வளையம் போல, சில சிலுவை போல, நன்றாக எண்ணக்கூடியபடி. பக்கத்துக் கலத்தில் அவை இரண்டு குவியலாகப் பிரிந்துகொண்டிருந்தன, ஒரு சோடி மட்டும் கடைசி நுனியில் இன்னும் தொட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று மாறி மாறிப் பார்த்தார்கள், இருட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அந்த வழுக்கியை வைத்திருக்கலாமா?

மூடியின் ஓரங்களை நகப்பூச்சால் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாட்களுக்கு நிற்கும். அதற்குள் கைபேசியை வில்லையில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச மொட்டுகளை எழுபது வீத அற்ககோலில் போட்டு, திகதி எழுதி, பெட்டியின் உள்ளே தள்ளி வையுங்கள்.